ரோந்தில் இருக்கும் காய் எத்தனை தடவை இடைமறிக்கலாம்?

நிலாவெளித் தம்பியின் கேள்வி, 14 மார்ச் 2024

அண்ணை, 1942 இல் ஜப்பானியர் இலங்கையைத் தாக்கியதை வைத்து நீங்கள் செய்த பலகை ஆட்டத்தில், விதி 7.4 இல் ஒரு சந்தேகம். "வான் ரோந்தில் உள்ள காய், தன் கட்டத்திலோ அடுத்துள்ள கட்டத்திலோ நுழையும் எதிரிக் குழுவை இடைமறிக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஜப்பானியக் குழு என் ஹரிக்கேன் (பிரித்தானியச் சண்டை விமானம்) காயைச் சுற்றிக்கொண்டு மூன்று கட்டங்கள் வழியாகப் போகிறது. மூன்றுமே என் காய்க்கு அடுத்துள்ள கட்டங்கள். மூன்று தடவை அடிக்கலாம் என்கிறேன் நான். ஒரு தடவைதான் என்கிறார் கிண்ணியா நானா. இன்னொன்று: குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக வந்த ஜப்பானியச் சண்டை விமானமான ஸீரோவுடன் மோதிய ஹரிக்கேன் அதே முறையில் குண்டுவீச்சு விமானத்தையும் அடிக்கலாமா? பலகை அப்படியே மேசையில் கிடக்கிறது. பதில் வந்த பிறகுதான் தொடர்வோம்.

14 மார்ச், இரவு

ஒரு தடவைதான். நானா சொன்னதே சரி.

காரணத்தையும் சொல்கிறேன், இல்லையென்றால் நாளைக்கு வேறொரு கட்டத்தை வைத்து இதே வழக்கு வரும். ஹரிக்கேனின் இறக்கைத் துப்பாக்கிகளை விடாமல் அழுத்தினால் ரவைகள் ஏறக்குறைய கால் நிமிடத்தில் தீர்ந்துவிடும். நம் ஆட்டத்தில் ஒரு முறை என்பது அரை மணி நேரம். அந்த அரை மணியில் மூன்று சண்டை போடுவதற்கு அதனிடம் எதுவும் மிஞ்சியிருக்காது. இடைமறித்த காயைக் கவிழ்த்து வையுங்கள். தரையிறங்கி ஒரு முறை முழுவதும் எண்ணெயும் ரவையும் ஏற்றிய பிறகுதான் அது மறுபடி நிமிரும்.

இரண்டாவது கேள்விக்கு இப்போதைக்குப் பதில் 7.5 இல் உள்ளதுதான். ஒரு காவல் காய் ஓர் இடைமறிப்புக் காயைக் கட்டிப்போடும். கட்டுப்படாமல் மிஞ்சிய காய்தான் குண்டுவீச்சு விமானங்களிடம் போகலாம். ஸீரோவுடன் மோதியது ஸீரோவுடனேயே நிற்க வேண்டும். தொடருங்கள்.

15 மார்ச், காலை

"இப்போதைக்கு" என்ற சொல்லைத் தம்பி பிடித்துக்கொண்டார். பிடிக்கட்டும், வேண்டுமென்றுதான் போட்டேன். 7.5 எனக்கு வெகுநாளாகவே உறுத்துகிறது.

1942 ஏப்ரல் 9 ஆம் திகதியையே எடுத்துக்கொள்ளுங்கள். திருகோணமலைக்கு வந்த குழுவில் பி5என் குண்டுவீச்சு விமானங்கள் ஏறக்குறைய 90, காவலுக்கு ஸீரோக்கள் ஏறக்குறைய 40. அங்குள்ள சீனக்குடா ஓடுபாதையிலிருந்து எழுந்த ஹரிக்கேன்கள் இருபதுக்கும் குறைவு. ஒரு காய்க்கு ஆறு விமானம் என்ற நம் கணக்கில் ஏழு ஸீரோக் காய்கள், மூன்று ஹரிக்கேன் காய்கள். 7.5 இன்படி மூன்றும் கட்டுப்பட்டு, நாலு ஸீரோக் காய்கள் கைகட்டிக்கொண்டு நிற்கும். ஒரு ஹரிக்கேன்கூடக் குண்டுவீச்சு விமானத்தைத் தொட முடியாது. ஆனால் அன்று ஹரிக்கேன்களிடம் பி5என்களும் அடிபட்டன. நடந்ததை நடக்கவே விடாத விதி எனக்கு எதற்கு?

உயரத்தை நாம் எங்குமே கணக்கில் எடுக்கவில்லை. கோளாறு அங்கேதான்.

15 மார்ச், மதியம்

இல்லை, உயரம் அல்ல. உயரத்துக்கு முன்னால் ஒன்று இருக்கிறது. வேலை முடிந்து வந்து எழுதுகிறேன்.

15 மார்ச், இரவு

உயரம் எங்கிருந்து வருகிறது? நேரத்திலிருந்து. நேரம் எங்கிருந்து வருகிறது? எதிரி வருகிறான் என்று யாரோ முன்கூட்டியே சொல்வதிலிருந்து. ஏப்ரல் 9 இல் திருகோணமலையில் ராடார் வேலை செய்தது. ஜப்பானியர் ஏறக்குறைய 90 மைல் தொலைவில் வரும்போதே பிடித்துவிட்டது. அதனால்தான் ஹரிக்கேன்கள் மேலே ஏறி நின்று காத்திருக்க முடிந்தது. நாலு நாட்களுக்கு முன்பு, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பில் அந்த வசதி இருக்கவில்லை. இரத்மலானையில் ஹரிக்கேன்கள் ஓடுபாதையை விட்டு எழும்போதே தலைக்கு மேல் ஸீரோக்கள் வந்துவிட்டன. ஒரே கிழமை, ஒரே தீவு, ஒரே வகை விமானம். ஆனால் இடைமறிப்பு இரண்டு விதமாக நடந்திருக்கிறது.

நம் 7.4 "எந்தக் கட்டத்தில் நிற்கிறாய்" என்று மட்டும் கேட்கிறது. "எப்போது தெரிந்துகொண்டாய்" என்று அது கேட்க வேண்டும். நகரம், துறைமுகம், சீனக்குடா ஓடுபாதை எல்லாமே நம் வரைபடத்தில் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு கட்டம் 15 கடல் மைல் என்று போட்டால் அப்படித்தான் வரும். அந்தக் கட்டத்துக்குள் இடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில் பயனே இல்லை.

எனவே அறிவிப்புப் பகடை என்று ஒன்று வைக்கிறேன். எதிரிக் குழு இலக்குக் கட்டத்துக்கு வரும் முறையில், காப்பவர் ஒரு பகடை உருட்ட வேண்டும்.

பூச்சியமோ அதற்குக் கீழோ வந்தால் அறிவிப்பே இல்லை. குண்டு விழுந்து முடிந்த பிறகு, எதிரி திரும்பும்போதுதான் துரத்தலாம். ஒன்று, இரண்டு என்றால் ஓடுபாதையில் எழுந்துகொண்டிருக்கிறது, முதல் அடி காவல் விமானங்களுடையது. மூன்று, நான்கு என்றால் ஏறிக்கொண்டிருக்கிறது, பழைய 7.5 அப்படியே செல்லும். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் மேலே நிற்கிறது. காவலைத் தாண்டி ஒரேயொரு பாய்ச்சலில் குண்டுவீச்சு விமானங்களை அடிக்கலாம், அதன் பிறகு ஸீரோக்கள் அதைத் தேடி வரும்.

ராடார் இருந்தால் கூட்டல் 2. இல்லாவிட்டால் கழித்தல் 2. மேகம் இருந்தால் கழித்தல் 1. ஏற்கெனவே வானில் ரோந்தில் இருக்கும் காய்க்குக் கூட்டிக் கழித்த பிறகு ஒன்று, இரண்டு வந்தால் மூன்றாகக் கொள்ளலாம், அது ஓடுபாதையில் இல்லையல்லவா.

17 மார்ச்

உவர்மலை மாஸ்டர் கேட்கிறார்: வானில் ரோந்து சுற்றிக்கொண்டிருக்கும் காய்க்கு எதற்குப் பகடை? கண்ணால் பார்க்கமாட்டார்களா?

மாஸ்டர், பார்க்கமாட்டார்கள். இதற்கு எங்கும் போக வேண்டாம், அதே ஏப்ரல் 9 போதும். ஜப்பானியர் இங்கே குண்டு வீசிவிட்டுப் போன பிறகு, அன்று முற்பகல் கொழும்பிலிருந்து 11 ஆவது ஸ்குவாட்ரனின் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பல்களைத் தேடிப் போயின. ஒன்பது விமானங்கள் அகாகி என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்கு நேர் மேலே வந்து குண்டு போட்டன. ஸீரோக்கள் அந்த நேரத்தில் வானில்தான் ரோந்து சுற்றிக்கொண்டிருந்தன. குண்டுகள் கப்பலுக்குப் பக்கத்தில் கடலில் விழுந்து நீர்த்தூண் எழும்பும் வரைக்கும் அவற்றுக்குத் தெரியாது. ஒரு குண்டும் கப்பலில் படாதது அகாகியின் அதிர்ஷ்டம். விழுந்த பிறகு துரத்தினார்கள். ஒன்பதில் ஐந்து திரும்பவில்லை.

ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களில் ஒன்றில்கூட அப்போது ராடார் இருக்கவில்லை. அடிவானத்தைப் பார்க்கும் கண்களை நம்பித்தான் அந்தப் படை இருந்தது. இதை என் பகடையில் வைத்துப் பாருங்கள். கழித்தல் 2. ஒன்றோ இரண்டோ விழுந்தால் பூச்சியத்துக்கோ அதற்குக் கீழோ போய்விடும், குண்டு முதலில், துரத்தல் பிறகு. ஆறில் இரண்டு பங்கு. மேகமும் இருந்தால் பாதிக்குப் பாதி.

ரோந்துக் காயை வேலி என்று நினைப்பதை விடுங்கள். வேலிக்குள் ஆடு வந்தால் வேலி தடுக்கும். இது வயலைச் சுற்றி நடக்கும் காவற்காரன், மறுபக்கம் திரும்பி நிற்கும்போது ஆடு உள்ளே போய்விடும்.

18 மார்ச்

தம்பி ஒரு கூர்மையான கேள்வி கேட்டிருக்கிறார். ஐந்து பிளென்ஹைம்களில் ஒன்று அகாகிக்கு மேலே விழவில்லை. திரும்பும் வழியில், பிரித்தானியக் கப்பல் ஹேர்மஸைத் தாக்கிவிட்டு வந்துகொண்டிருந்த ஜப்பானிய விமானங்களிடம் எதிர்பாராமல் மாட்டியது. அப்படியானால் தாக்குதலிலிருந்து திரும்பும் குழு இடைமறிக்கலாமா?

இடைமறிப்பு அல்ல, சந்திப்பு. இரண்டு குழுக்களும் ஒரே கட்டத்தில் முடிந்தால் மட்டும் உருட்டுங்கள், ஆறு விழுந்தால் மட்டும் சண்டை. கூட்டல் கழித்தல் எதுவும் வேண்டாம். இதற்கு 7.7 என்று எண் கொடுத்துவிடுகிறேன். இதைத் திட்டமிட்டுச் செய்ய முயலும் ஆட்டக்காரரிடம் பகடையைக் கொடுக்காதீர்கள்.

23 மார்ச், நள்ளிரவுக்குப் பிறகு

நோன்பு காலம் என்பதால் தராவீஹ் முடிந்து நானா வரும்போது பத்து மணி தாண்டிவிட்டது. ஈத்தம்பழமும் பிளேன்டீயும் வைத்துக்கொண்டு புதிய விதிப்படி ஆடினோம். நானா ஜப்பான், தம்பி பிரித்தானியா, நான் வேடிக்கை.

முதல் மூன்று முறைகளுக்குள்ளேயே நானா ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ராடார் ஆறு கட்டம் பார்க்கும். குண்டுவீச்சுக் குழு ஒரு முறைக்கு ஐந்து கட்டம் போகும். அவர் கடலில் பின்னோக்கி விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, தன் குழுவைச் சரியாக ஐந்தாவது கட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். ஆறில் நிறுத்தினால் தம்பிக்கு ஒரு முறை கூடுதலாகக் கிடைக்கும், ஐந்தில் நிறுத்தினால் கிடைக்காது. 1942 இல் தாக்குதலை நடத்திவந்த ஃபுச்சிடாவிடம் அறுகோணம் கீறிய கடல் இருக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "கீறியது நீங்கள்தானே" என்றார்.

ஆனால் பகடை இருந்ததால் அந்தத் தந்திரம் அவருக்கு அவ்வளவாக உதவவில்லை. தம்பிக்கு நாலு விழுந்தது, கூட்டல் 2, ஆறு. ஹரிக்கேன்கள் மேலே. ஒரே பாய்ச்சலில் இரண்டு பி5என் காய்கள் பாதியாகின. பிறகு ஸீரோக்கள் வந்து ஹரிக்கேன்களை அள்ளிக்கொண்டு போயின. அது அன்றைய உண்மைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அன்றும் ஹரிக்கேன்கள் பெருத்த இழப்புடன்தான் இறங்கின.

நானாவின் முறைப்பாடு வேறு. ராடாருக்குக் கூட்டல் 2 என்றால் ஆறு முகங்களில் நாலு முகம் "மேலே" என்று வருகிறது, காப்பவருக்குக் கை நனையாமல் மீன் கிடைக்கிறது என்கிறார். யோசிக்க வேண்டிய கதைதான்.

24 மார்ச்

யோசித்தேன். கூட்டல் 1 போதும். ஒன்று விழுந்தால் ஓடுபாதை, இரண்டு மூன்று என்றால் ஏற்றம், நாலிலிருந்து மேலே. பாதிக்குப் பாதி. ராடார் பார்ப்பது ஒன்று, பார்த்ததைத் தொலைபேசியில் சொல்லி, கேட்டவர் நம்பி, விமானி ஓடிப்போய் ஏறுவது இன்னொன்று. அந்த இடைவெளிக்கு ஒரு புள்ளியைக் கழிக்கலாம்.

கட்டலினா வேவு விமானம் பார்த்துச் சொன்னால் கூட்டல் உண்டா என்று கேட்டீர்கள். அன்று காலையே பார்த்தால் உண்டு, கூட்டல் 1. முதல் நாள் பார்த்தால் இல்லை. ஏப்ரல் 8 ஆம் திகதி ஒரு கட்டலினா ஜப்பானியப் படையைக் கண்டு அறிவித்தது. அந்த அறிவிப்பால் ஹரிக்கேன்களுக்கு உயரம் கிடைக்கவில்லை. துறைமுகத்திலிருந்த கப்பல்கள் இரவோடு இரவாக வெளியேற அவகாசம் கிடைத்தது. ஆகவே முதல் நாள் அறிவிப்பைக் கப்பல் நகர்வு விதியில்தான் வைக்க வேண்டும், விமானத்தில் அல்ல.

26 மார்ச்

உவர்மலை மாஸ்டர் நீளமாக எழுதியிருக்கிறார். சாரம் இதுதான்: இத்தனை கூட்டல் கழித்தல் எதற்கு, ஒரு நடுவரை வைத்து அவர் தீர்ப்பை ஏற்றால் போதாதா, பிரஷ்யாவில் அப்படித்தானே செய்தார்கள்?

பாதி சரி. 1824 இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் கொண்டுவந்த ஆட்டத்தில் நடுவரும் இருந்தார், பகடையும் அட்டவணையும் இருந்தன. அரை நூற்றாண்டு கழித்துத்தான் அட்டவணைகளை ஓரமாக வைத்துவிட்டு நடுவரின் அனுபவத்தை நம்பலாம் என்ற கட்சி எழுந்தது. அது போரைப் பார்த்த அதிகாரிகள் நடுவராக இருந்த இடம். நம்மில் யார் நடுவர்? நானா நடுவராக இருந்தால் தம்பி ஏற்கமாட்டார். தம்பி நடுவராக இருந்தால் ஒருவரும் ஏற்கமாட்டோம்.

நடுவரை நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு இதே கடற்படையின் கதையே இருக்கிறது. இங்கிருந்து திரும்பிப் போன அடுத்த மாதம், பசிபிக்கில் மிட்வே தீவைத் தாக்கும் நடவடிக்கைக்காக யமாட்டோ போர்க்கப்பலில் மேசை ஆட்டம் ஒன்றை நடத்தினார்கள். அமெரிக்கக் குண்டுவீச்சுக்கு நடுவர் பகடை உருட்டினார். ஒன்பது குண்டுகள் பட்டன, அகாகியும் ககாவும் மூழ்கின. ஆட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த உகாகி ஒன்பதை மூன்றாக்கினார். அகாகி தப்பியது, ககா மட்டும் மூழ்கியது. பிறகு அடுத்த நடவடிக்கைக்கான ஆட்டத்தில் ககாவும் எழும்பி வந்தது. ஜப்பானிய அதிகாரிகளே போருக்குப் பிறகு எழுதிவைத்த கதை இது. தரை விமானங்கள் ஓடும் கப்பலில் ஒன்பது குண்டுகளைப் படவைப்பது நடவாத காரியம் என்று உகாகி பக்கம் நின்று வாதாடுவோரும் உண்டு. அந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஆனாலும் ஜூன் 4 ஆம் திகதி உண்மையான மிட்வே சண்டையில் இரண்டு கப்பல்களிலும் குண்டு பட்டது, இரண்டும் அழிந்தன. அன்று ரோந்தில் இருந்த ஸீரோக்கள் டோர்பிடோ விமானங்களைத் துரத்திக்கொண்டு கீழே இறங்கியிருந்தன, மேலே வந்த பாய்ச்சல் குண்டுவீச்சு விமானங்களை எவரும் நேரத்தோடு பார்க்கவில்லை. மறுபடியும் அறிவிப்பு!

மாஸ்டர், பகடை இருக்கட்டும்.

30 மார்ச்

ஹேர்மஸ் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள், தனித்தனியாகப் பதில் சொல்ல முடியாது.

ஹேர்மஸ் விமானந்தாங்கிக் கப்பல்தான். அன்று அதில் சண்டை விமானம் ஒன்றும் இல்லை. அதன் ஸ்வோர்ட்ஃபிஷ் டோர்பிடோ விமானங்களும் சீனக்குடாவில் தரையில் விடப்பட்டிருந்தன. ஆகவே ஹேர்மஸ் காய்மேல் ரோந்துக் காய் வைக்க முடியாது. வைத்து ஆடினால் அது வேறு போர். மட்டக்களப்புக்கு அப்பால், வம்பயர் நாசகாரிக் கப்பலுடன் அது நிற்கும் கட்டத்துக்குச் சீனக்குடாவிலிருந்து நாலு கட்டம். இரத்மலானையிலிருந்து எட்டு. அங்குள்ள ஃபுல்மர் சண்டை விமானங்கள் ஒரு முறைக்கு ஆறு கட்டம் போகும், ஆக இரண்டு முறை வேண்டும். ஹேர்மஸ் மூழ்குவதற்கு அரை மணியே போதுமாக இருந்தது, அதாவது ஒரு முறை. ஃபுல்மர்கள் உண்மையிலும் கப்பல் மூழ்கிய பிறகுதான் வந்து சேர்ந்தன.

இதில் கவனிக்க வேண்டியது, எதிரி வருகிறான் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவருக்கும் விமானம் வைத்திருப்பவருக்கும் நடுவில்தான் நேரம் போய்விட்டது. அதனால் கடலில் உள்ள கப்பலைக் காக்கத் தரையிலிருந்து விமானம் அழைத்தால், அழைத்த முறையில் அது எழாது, அடுத்த முறையில்தான் எழும். இதைப் போட்டால் தம்பிக்கு ஹேர்மஸை ஒருபோதும் காப்பாற்ற முடியாது என்று நானா சிரிக்கிறார். முடியும். ஏப்ரல் 8 இரவு துறைமுகத்தை விட்டு வெளியேறும்போது தெற்கே போகாமல் வேறு திசையில் போகலாம். மேசையில் அந்தச் சுதந்திரம் உண்டு.

31 மார்ச்

வடக்கே கொக்கிளாய் ஓடுபாதையிலிருந்து ஃபுல்மர் எழுந்தால் சீனக்குடாவின் ராடார் கூட்டல் அதற்கும் உண்டா? உண்டு. இரண்டு கட்டத் தூரம்தான்.

9 ஏப்ரல்

நாள் பொருத்தமாக வந்திருப்பதால் மாஸ்டர் எண்ணெய்த் தாங்கியைக் கிளப்பியிருக்கிறார். சீனக்குடாவில் ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றில் வேண்டுமென்றே போய் விழுந்தது, நாட்கணக்கில் எரிந்தது என்று இந்த ஊரில் பெரியவர்கள் சொல்லிக் கேட்காதவர்கள் இல்லை. என் தாய்மாமன் அந்தப் புகையைத் தம்பலகாமத்திலிருந்து பார்த்ததாகச் சொல்வார், கேட்கும் ஒவ்வொரு தடவையும் புகை கொஞ்சம் உயரும். மாஸ்டருக்கு இதற்கும் ஒரு விதி வேண்டுமாம்: அடிபட்ட ஜப்பானியக் காய் விரும்பினால் இலக்கின்மேல் விழலாம்.

வேண்டாம். ஒரு காய் ஆறு விமானம். ஒரு விமானி கடைசி நொடியில் எடுத்த முடிவை ஆறு விமானத்தின்மேல் ஏற்ற முடியாது. அப்படி ஒரு விதியைக் கொடுத்தால் நானா அடிபட்ட காய் ஒவ்வொன்றையும் தாங்கிகளின்மேல் இறக்குவார், நான் எல்லாத் தாங்கிகளுக்கும் மட்டை வெட்டிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

10 ஏப்ரல்

பெருநாள் வாழ்த்துகள், நானா. வட்டிலப்பம் வந்து சேர்ந்தது.

11 ஏப்ரல்

திருத்திய வாசகம் கீழே. பழைய 7.4, 7.5 தாளைக் கிழித்துவிடுங்கள், இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு வசதிப்படி வாசிக்கும் ஆட்கள் நமக்குள் இருக்கிறார்கள்.

7.4. எதிரிக் குழு இலக்குக் கட்டத்தில் நுழையும் முறையில் காப்பவர் அறிவிப்புப் பகடையை ஒரு தடவை உருட்டுவார். அதே முறையில் வேறு திசையிலிருந்து இரண்டாவது குழு வந்தால் அதற்குத் தனியாக உருட்டுவார், அதற்குக் கழித்தல் 1. முதல் குழுவைப் பார்த்துக்கொண்டிருப்பவர் இரண்டாவதைத் தாமதமாகத்தான் பார்ப்பார். வழியிலுள்ள கட்டங்களில் இனி இடைமறிப்பே இல்லை, இலக்கில் மட்டும்தான்.

7.5. ஒரு காவல் காய் ஓர் இடைமறிப்புக் காயைக் கட்டிப்போடும். "மேலே" என்ற பலன் பெற்ற காய் மட்டும் கட்டுப்படுவதற்கு முன் ஒரு பாய்ச்சல் செய்யலாம்.

7.6. ஒரு பறப்பில் ஓர் இடைமறிப்பு. அறிவிப்பு இல்லாமல் போன காய், எதிரி திரும்பும்போது துரத்தினால் அதுவே அதன் இடைமறிப்பு.

13 ஏப்ரல்

"இலக்கில் மட்டும்தான்" என்றால் தனியாகப் பறக்கும் கட்டலினாவை ஸீரோ அடிக்கவே முடியாதா என்று தம்பி கேட்டிருக்கிறார். முடியும். வேவு விமானம் பார்க்கும் கப்பற்படைதான் அதன் இலக்கு, ஆகவே அந்தக் கட்டத்தில் 7.4 அப்படியே செல்லும். முதலில் அது செய்தி அனுப்பட்டும், பிறகு நானா உருட்டட்டும். ஏப்ரல் 4 ஆம் திகதி கொக்கலையிலிருந்து போன கட்டலினா வீழ்த்தப்படுவதற்கு முன் செய்தியை அனுப்பிவிட்டது. அந்த வரிசையை மாற்றாதீர்கள்.